கரடி டப்பாவும் கட்டுச்சோறும்: யோசெமிட்டி மலைநடையில் சாப்பாட்டைப் பத்திரப்படுத்துவது எப்படி

யோசெமிட்டியின் லயல் கேன்யன். ஒரு செப்டம்பர் மாலை, மணி ஆறரை இருக்கும். நண்பர் ஆற்றில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான் டென்ட் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் நடுவே ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் மூடி திறந்த கரடி டப்பா (கரடியால் திறக்க முடியாதபடி செய்த சாப்பாட்டு டப்பா), சப்பாத்திச் சுருள், ஒரு ஜிப்லாக் பை நிறையப் புளிக்காய்ச்சல். நான் தலை நிமிர்ந்தபோது பாறைக்கு அந்தப் பக்கம் இலவங்கப்பட்டை நிறத்தில் ஒரு கரடி நின்றது.

அது அவசரப்படவே இல்லை. உதட்டாலேயே பையின் ஓரத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு இருபது முப்பது தப்படி தள்ளிப் போனது. உட்கார்ந்து, முன்னங்காலால் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நக்க ஆரம்பித்தது. நாங்கள் பாத்திரத்தைத் தட்டினோம், தொண்டை கிழியக் கத்தினோம். மிளகாய்க் காரம் அதை நிறுத்தவில்லை. நல்லெண்ணெய் வாசனை எங்கள் மூக்குக்கே வந்தது என்றால் அதன் மூக்குக்கு எப்போதே போயிருக்கும்.

எங்கள் டப்பாவில் எந்தக் குறையும் இல்லை. மூடிய டப்பாவைக் கரடி வெல்வது அபூர்வம். திறந்து வைத்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அது ஜெயிக்கிறது. அன்று தெரிந்துகொண்டதையும் அதற்கப்புறம் வந்த நடைகளில் பழகியதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை, குறிப்பாக யோசெமிட்டி, எனக்குப் பழக்கமான இடம். அதனால் விதிகளும் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும்.

முதலில் கரடியைப் பற்றி

யோசெமிட்டியில் இருப்பவை கருங்கரடிகள், சுமார் 300 முதல் 500 வரை. பெயர்தான் கருங்கரடி. பழுப்பு, பட்டை நிறம், வைக்கோல் நிறம் என எல்லாம் உண்டு. பழுப்பாக இருக்கிறதே, கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியோ என்று பயப்பட வேண்டாம். கலிபோர்னியாவில் கிரிஸ்லி 1920களிலேயே அழிந்துவிட்டது. யோசெமிட்டிக் கரடி மனிதரைக் கொன்றதாகப் பதிவு இல்லை. அதற்கு வேண்டியது நம் சாப்பாடு மட்டுமே.

அந்த ருசியைக் காட்டியதும் மனிதர்கள்தான். ஒரு காலத்தில் பூங்காவிலேயே குப்பைமேட்டில் விளக்குப் போட்டு, கரடி வந்து மேய்வதைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சியாக வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தின் வட்டியைப் பிறகு வந்தவர்கள் கட்டினார்கள். 1998இல் மட்டும் 1,500க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள், 6 லட்சம் டாலருக்கும் மேல் சேதம். அதன் பிறகு லாக்கர், டப்பா, அபராதம் என்று பிடியை இறுக்கியதில் எண்ணிக்கை பெருமளவு குறைந்துவிட்டது.

ஒரு முறை ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். பிறகு பகலிலும் வரும், மனிதரைப் பார்த்தாலும் விலகாது. கடைசியில் ஆபத்தான கரடி என்று முடிவு செய்து பூங்காவே அதைக் கொன்றுவிட வேண்டிய நிலை வரும். எங்கள் புளிக்காய்ச்சல் கதை எனக்கு இன்றும் முழுச் சிரிப்பாக வராததற்கு இதுதான் காரணம்.

நம் ஊர்க் கரடியும் சளைத்ததல்ல. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கரடியைப் பற்றி அவ்வப்போது செய்தி வரும். ஆனால் அது வேறு இனம், குணமும் வேறு. மிரண்டால் நேரே பாயும். பின்னால் நான் சொல்லப்போகும் 'சத்தம் போட்டு விரட்டு' யோசனையை நீலகிரியில் பரீட்சை செய்ய வேண்டாம்.

படி 1: அந்த இடத்தின் விதியைப் பாருங்கள்

ஒவ்வொரு காட்டுக்கும் ஒவ்வொரு விதி. யோசெமிட்டியில் காட்டுக்குள் இரவு தங்குவதற்குப் பெர்மிட் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கடினமான டப்பாவும் கட்டாயம். மரக்கிளையில் கயிறு கட்டிச் சாப்பாட்டைத் தொங்கவிடுவதற்கு அங்கே அனுமதி இல்லை. அர்சாக் என்ற கிழியாத துணிப்பை வேறு பல காடுகளில் செல்லும், இங்கே செல்லாது. மிளகு ஸ்ப்ரேயும் யோசெமிட்டிக்குள் கூடாது. விதியை மீறினால் அபராதம் 5,000 டாலர் வரை போகலாம்.

தொங்கவிட்டால் என்ன என்று பழைய ஆட்கள் இன்னும் கேட்பார்கள். கயிற்றைக் கடித்து அறுக்கலாம் என்பதும், கிளை தாங்காவிட்டால் குட்டியை மேலே அனுப்பலாம் என்பதும் சியராக் கரடிகளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தவிர, மரங்களின் எல்லைக்கு மேலே 10,000 அடியில் கிளைக்கு எங்கே போவது?

படி 2: டப்பாவைத் தேர்ந்தெடுப்பது

டப்பாவின் சூட்சுமம் சின்னதுதான். வழவழப்பான உருளை, கைப்பிடி கிடையாது, கரடியின் வாய்க்குள் அடங்காத அகலம். கடிக்க விளிம்பு கிடைக்காது, உருட்ட மட்டுமே முடியும். மொன்டானாவில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் இருக்கும் காப்பகத்தில், உள்ளே தீனி வைத்த டப்பாக்களைக் கிரிஸ்லிகளிடமே கொடுத்துச் சோதிக்கிறார்கள். ஒரு மணி நேரம் கடித்தும் குதித்தும் பார்த்து அது தாங்கினால்தான் சான்றிதழ்.

அதிகம் புழங்குபவை இரண்டு. கார்சியா என்பது கறுப்பு டப்பா. 12 அங்குல உயரம், கொள்ளளவு சுமார் 10 லிட்டர், எடை ஒன்றேகால் கிலோ. மூடியைத் திறக்க ஒரு நாணயம் வேண்டும். நாணயத்தைத் தொலைத்துவிட்டுப் பசியோடு டப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைவிடக் கேவலம் ஒன்றும் இல்லை. ஒரு குவார்ட்டர் நாணயத்தை டப்பாவின் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இன்னொன்று பேர்வால்ட். உள்ளே இருப்பது வெளியே தெரியும். பிவி500 என்பது பதினொன்றரை லிட்டர். பிவி450 என்பது 7 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை ஒரு கிலோவுக்கும் கீழே. இதற்கு நாணயம் வேண்டாம். ஆனால் குளிர் காலையில் மூடி இறுகிக்கொண்டு விரலுக்குப் பிடி கொடுக்காது. மூடியின் பற்களுக்கு அடியில் ஒரு பழைய கிரெடிட் கார்டைச் செருகித் திருப்பினால் வழுக்கிக்கொண்டு திறக்கும். கார்பன் ஃபைபரில் செய்த பேரிகேட் எடை குறைவு, விலை அதிகம்.

எந்த டப்பாவும் முழு வெற்றி இல்லை. நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலையில் காதில் மஞ்சள் அடையாள வில்லைகளோடு திரிந்த ஒரு பெண் கரடி, பேர்வால்ட் மூடியைத் திறக்கவே கற்றுக்கொண்டுவிட்டது. 'யெல்லோ யெல்லோ' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள்.

முதல் முறை போகிறவர்கள் வாங்க வேண்டாம். பெர்மிட் தரும் அலுவலகத்திலேயே டப்பா வாடகைக்குக் கிடைக்கும்.

படி 3: எதெல்லாம் 'சாப்பாடு'?

கரடியின் கணக்கில் வாசனை உள்ளது எல்லாம் சாப்பாடு. பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், லிப் பாம், கொசு மருந்து, இருமல் மிட்டாய், தேங்காய் எண்ணெய், தைலம், பவுடர் கலந்த தண்ணீர் பாட்டில், காலி உறை, டீத்தூள் சக்கை என எல்லாமே இரவில் டப்பாவுக்குள் இருக்க வேண்டும். குப்பையும்தான். தட்டின் ஓரம் ஒதுக்கி வைக்கும் கறிவேப்பிலையும் மிளகாயும்கூடக் குப்பைப் பையில் போய் டப்பாவுக்குள் அடங்க வேண்டும். அதை மண்ணில் புதைத்தால் அன்று இரவே தோண்டிவிடும்.

அதிகம் தப்புவது பாக்கெட்டில் இருப்பவை. மழைச் சட்டைப் பையில் ஒரு கடலைமிட்டாய், பேக்பேக் இடுப்புப் பட்டையில் ஒரு சூயிங்கம். இருட்டுவதற்கு முன் ஆளுக்கு ஆள் 'பாக்கெட்டைக் காட்டு' என்று கேட்பதை எங்கள் கூட்டத்தில் சடங்காகவே வைத்திருக்கிறோம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

படி 4: வீட்டில் கட்டுவது

வழியில் நடக்கும் சண்டையில் பாதியை வீட்டில் இந்தக் கட்டத்திலேயே தீர்த்துவிடலாம். டப்பாவில் எடை பிரச்சினையே இல்லை, இடம்தான் பிரச்சினை. நம் சமையலறைப் பொருள்களில் சில இதற்கென்றே பிறந்தவை, சில படுமோசம்.

அவல் காற்றை அடைத்து வைத்த மாதிரி. அரைக் கிலோவே டப்பாவில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதற்குப் பதில் வறுத்த ரவையில் உப்புமாக் கலவையாகத் தாளித்து எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் ஆயிற்று. சத்துமாவு, பருப்புப்பொடி, உறைந்த நெய், வேர்க்கடலை, பேரீச்சை எல்லாம் நெருக்கமாக அடங்கும். சப்பாத்தியைவிடக் கடையில் விற்கும் டார்ட்டியா ரொட்டி நாள்பட நிற்கும். டப்பாவின் உள்சுவரை ஒட்டி வளைத்துச் செருகினால் இடமே பிடிக்காது. நூடுல்ஸை உறைக்குள்ளேயே நொறுக்கிவிடுங்கள். அப்பளத்தை மறந்துவிடுங்கள்.

சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றித் தனியாக ஒரு வரி. யோசெமிட்டியின் மலைப் புல்வெளியான டுவாலமி மெடோஸ் 8,600 அடி உயரம். கீழே வாங்கிய பாக்கெட் அங்கே போவதற்குள் தலையணை மாதிரி உப்பிவிடும். ஊசியால் ஒரு குத்துக் குத்தி, காற்றைப் பிதுக்கி, ஓட்டைமேல் டேப் ஒட்டுங்கள். நொறுங்கத்தான் செய்யும். சாம்பார் சாதத்தில் தூவிக்கொண்டால் யாருக்கும் குறை தெரியாது.

கடையில் வாங்கும் உலர் உணவு உறைகளைப் பிரித்துச் சாதாரண ஜிப்லாக் பைக்கு மாற்றுங்கள். பையை மேசையில் படுக்க வைத்து உள்ளங்கையால் தேய்த்துக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு பை. அதன்மேல் நாளும் வேளையும் எழுதிவிட்டால், மாலையில் டப்பாவைக் குடைந்து தேடும் நேரம் மிச்சம். திறந்து கிடக்கும் நேரமும் குறையும்.

அளவுக்கு என் கணக்கு இது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 800 கிராம், ஏறக்குறைய 2 லிட்டர் இடம். அப்படியானால் பிவி500இல் ஓர் ஆளுக்கு 5 நாள், இரண்டு பேருக்கு 2 இரவு 3 நாள் வசதியாகப் போகும். இதில் முதல் நாள் மதியச் சாப்பாட்டைச் சேர்க்க வேண்டாம். அது டப்பாவுக்கு வெளியே பயணம் செய்யலாம், இரவுக்குள் வயிற்றுக்குப் போய்விட்டால் சரி. பழைய நாள் கட்டுச்சோறு வேலைக்கு வருவது இங்கேதான். புளியோதரையோ, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ கட்டிக்கொண்டு முதல் நாளே நடையில் முடித்துவிடுங்கள்.

அடுக்கும்போது கடைசி நாள் சாப்பாடு அடியில், முதல் இரவு மேலே. இடுக்குகளில் கடலையைக் கொட்டி நிரப்பலாம். மேலே ஒரு கையளவு இடத்தைக் கட்டாயம் காலியாக விடுங்கள். பகலில் பற்பசையும் சன்ஸ்கிரீனும் வெளியே இருந்தாலும் இரவில் உள்ளே போக வேண்டுமே. கிளம்புவதற்கு முந்தின நாள் கூடத்தில் உட்கார்ந்து அத்தனையையும் உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். நாங்கள் ஒரு தடவை அதைச் செய்யாமல் போய், முதல் இரவு மூடி மூடாமல், வயிறு நிறைந்த பிறகும் ஆளுக்கு ஒரு பிடி பாதாம் தின்றோம்.

படி 5: காரைக் காலி செய்வது

மலையேறும் அவசரத்தில் காரை மறந்துவிடுவார்கள். யோசெமிட்டியில் இருட்டிய பிறகு காருக்குள் சாப்பாடு இருக்கவே கூடாது, டிக்கியிலும்தான். நடை தொடங்கும் இடங்களிலும் முகாம்களிலும் இரும்பு லாக்கர்கள் இருக்கும். மீதியை அதில் வைத்துத் தாழிட வேண்டும். முகாம் லாக்கர்கள் பெரும்பாலும் 45 அங்குல அகலம், 33 அங்குல ஆழம், 18 அங்குல உயரம். உங்கள் ஐஸ் பெட்டி அதற்குள் போகுமா என்று வீட்டிலேயே அளந்து பாருங்கள்.

2001 முதல் 2007 வரை யோசெமிட்டிக் கரடிகள் 908 வண்டிகளை உடைத்தன. அவற்றில் நான்கில் ஒன்றுக்கு மேல் மினிவேன். குழந்தைகள் உள்ள வீட்டு வண்டி, சீட்டு இடுக்கில் பிஸ்கட் தூள், கொட்டிய ஜூஸ் என்று ஆய்வாளர்கள் காரணம் ஊகித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வண்டிகளை அவர்கள் பார்த்திருந்தால் ஊகிக்கவே தேவை இருந்திருக்காது. குழந்தை சீட்டையும் விரிப்பையும் உதறி, முடிந்தால் வாக்குவம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 6: முதுகில் ஏற்றுவது

டப்பாவை நெட்டுக்குத்தலாக, பேக்பேக்கின் நடுவில், முதுகை ஒட்டி வையுங்கள். அடியில் தூங்கும் பை, சுற்றிலும் துணிமணி. வெளியே கட்டித் தொங்கவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஆடி இடுப்பை வாங்கிவிடும். பை சின்னதாக இருந்தால் டப்பாவை மேலே வைத்துப் பட்டையால் இறுக்குவது பரவாயில்லை.

படி 7: மாலை, மூடி திறக்கும் நேரம்

முகாமுக்கு வந்ததும் முதலில் டென்டை முடியுங்கள், தண்ணீர் பிடித்து வையுங்கள், அப்புறம்தான் டப்பாவைத் தொடுங்கள். அன்று நாங்கள் இந்த வரிசையைத்தான் மாற்றினோம். பசி அப்படி.

சமைக்கும் இடம் டென்டிலிருந்து தள்ளி, நாலா பக்கமும் பார்வை போகிற திறந்த வெளியாக இருக்கட்டும். புதர் ஓரம் வேண்டாம். டப்பாவிலிருந்து அந்த வேளைக்கான பையை மட்டும் எடுத்து உடனே மூடுங்கள். திறந்த சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதை விட்டு யாரும் எழுந்து போகக் கூடாது. 'இதோ ஒரு நிமிஷம், போட்டோ எடுத்துட்டு வர்றேன்' என்பதுதான் கரடி காத்திருக்கும் நிமிஷம்.

வாசனைக்காக மலையில் தாளிக்க ஆசை வரும். எனக்கும் வரும். ஆனால் பெருங்காயமும் கடுகும் வெடித்த வாசனை துணியிலும் டென்டிலும் ஏறினால் காலைவரை போகாது. தாளிப்பை வீட்டிலேயே முடித்துக் கலவையில் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

அளந்து சமைத்தால் மிச்சம் இருக்காது. பாத்திரத்தில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலக்கிக் குடித்துவிடுங்கள், ரசம் என்று நினைத்துக்கொண்டால் போகிறது. கழுவிய தண்ணீரை வடிகட்டி, ஓடையிலிருந்து 200 அடி தள்ளி வீசித் தெளியுங்கள். வடிகட்டியில் நின்ற பருக்கை குப்பைப் பைக்கு.

படி 8: இரவு டப்பா எங்கே?

டென்டிலிருந்து 100 அடியாவது தள்ளி, சமதரையில் வையுங்கள். பள்ளத்தாக்கு ஓரமும் ஆற்றங்கரையும் கூடாது. யோசெமிட்டியின் ஸ்னோ கிரீக் பக்கம் ஒரு கரடி டப்பாக்களைப் பாறை விளிம்புவரை உருட்டிக் கீழே தள்ளி உடைத்துச் சாப்பிடப் பழகியிருந்தது. ஆற்றில் விழுந்தால் கரடிக்கும் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது. இரண்டு பாறைகளுக்கு நடுவிலோ, விழுந்து கிடக்கும் மரத்தின் அணைப்பிலோ செருகி வைத்தால் அதிக தூரம் உருளாது.

கயிறு கட்டாதீர்கள். மரத்தோடு கட்டிவிட்டால் பத்திரம் என்று தோன்றும். ஆனால் கயிறுதான் கரடிக்குக் கைப்பிடி. கவ்வி இழுத்துக்கொண்டு போய்விடும்.

மூடியை இரண்டாவது ஆள் ஒருவர் திருப்பிப் பார்க்கட்டும். இரவில் டார்ச் வெளிச்சத்தில் பளிச்சிடும் டேப்பை டப்பாவைச் சுற்றி ஒட்டியிருந்தால் காலையில் தேடுவது சுலபம். மழை வரும் போலிருந்தால் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள்.

காலிப் பேக்பேக்கை ஜிப்பைத் திறந்தே விடுங்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று எலியும் மார்மட் என்னும் பெரிய மலை அணிலும் துணியைக் கடிக்காமலே தெரிந்துகொள்ளும்.

கரடி வந்துவிட்டால்

கூட்டமாக நின்று, கையை உயர்த்தி, அடித்தொண்டையில் கத்துங்கள். பாத்திரத்தைத் தட்டுங்கள். அது தப்பிப் போக வழி விட்டு நில்லுங்கள். குட்டி பக்கத்தில் இருந்தால் நீங்கள்தான் பின்வாங்க வேண்டும். சும்மா தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தால் கத்தத் தேவையில்லை, குறைந்தது 150 அடி தள்ளி நின்று பாருங்கள். அதன் கைக்குப் போன சாப்பாட்டைப் பிடுங்கப் போகாதீர்கள். அது இனி அதனுடையது. அது போன பிறகு சிதறிய குப்பையைப் பொறுக்குவது உங்கள் வேலை. கீழே வந்ததும் ரேஞ்சரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எங்களுக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அவர் திட்டவில்லை. காதில் வில்லை இருந்ததா, என்ன நிறம், எத்தனை மணி என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

யெல்லோஸ்டோன் மாதிரி கிரிஸ்லி உள்ள இடத்துக்குப் போகிறவர்களுக்குக் கணக்கே மாறும். அங்கே தூங்குமிடம், சமையல், சாப்பாட்டு இருப்பு மூன்றும் ஒன்றுக்கொன்று 100 கெஜம் தள்ளி இருக்க வேண்டும். சமைத்த துணியோடு தூங்கக் கூடாது. மிளகு ஸ்ப்ரே இடுப்பிலேயே இருக்க வேண்டும்.

திரும்பி வந்தபின்

வாடகை டப்பாவைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள். மூன்று நாள் சாம்பார்ப்பொடி தங்கிய பிளாஸ்டிக்கை அடுத்து வாங்கப் போகிறவர் முகம் சுளிப்பார். சொந்த டப்பா என்றால் சோடா உப்புக் கரைத்த வெந்நீரை ஓர் இரவு ஊற்றி வைத்து, மறுநாள் மூடியைத் திறந்து வெயிலில் காய வையுங்கள். பெருங்காயம் மட்டும் இரண்டாவது கழுவலும் கேட்கும்.